ஆம்புலன்ஸில் கேப்னோகிராபி உண்மையிலேயே தேவையா?

கேட்டிருப்பவர் சென்னையில் அவசர சிகிச்சைப் படிப்பை முடித்துவிட்டு, வெளிநாட்டில் பாராமெடிக் வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். கேப்னோகிராபி என்பது வெளிவிடும் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை அளந்து, திரையில் எண்ணாகவும் அலையாகவும் காட்டும் முறை. அதைப் பற்றி அவருடைய கேள்வி சுருக்கமாக இது: "எண்ட் டைடல் கார்பன் டை ஆக்சைடு (மூச்சை வெளிவிட்டு முடிக்கும்போது இருக்கும் அளவு) 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கவேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டதும் ஸ்டெத் வைத்து இரண்டு பக்கமும் கேட்டுவிடுகிறோம், விரலில் எஸ்பிஓ2 ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் இந்தக் கருவி என்ன சொல்லப்போகிறது? களத்தில் இருக்கும் பாராமெடிக்குகள் நிஜமாகவே இதைத் தெரிந்து பயன்படுத்துகிறார்களா, இல்லை இது தேர்வுக்கு மட்டும்தானா?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மற்ற கருவிகள் சொல்லாத எதை இது சொல்கிறது என்பது ஒன்று. கருவி கையில் இருந்தும் ஏன் சரியாகப் பயன்படாமல் போகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதில்தான் உயிர்கள் போகின்றன.

நான் மயக்க மருத்துவர். ஆபரேஷன் தியேட்டரில் இந்த அலையைப் பார்க்காமல் எந்த டியூபையும் நம்பிப் பழக்கமில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் கேசுவால்டி செவிலியர்களுக்கும் பல வருடங்களாக மூச்சுவழி வகுப்பு எடுத்து வருகிறேன். ஆனால் ஓடுகிற வண்டியில், மழையில், நடுரோட்டில் வேலை செய்த அனுபவம் எனக்குக் குறைவு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எஸ்பிஓ2 அளப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை. கேப்னோகிராபி அளப்பது வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்பதை. ஒரே விஷயத்தை இரண்டு விதமாக அளப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. டியூப் போடுவதற்கு முன்னால் நோயாளிக்கு நன்றாக ஆக்சிஜன் கொடுத்திருந்தால், அவர் மூச்சே விடாமல் சில நிமிடங்கள் கிடந்தாலும் விரலில் 98, 99 என்று காட்டிக்கொண்டே இருக்கும். நுரையீரலில் இருக்கிற இருப்பு தீர்ந்த பிறகுதான் அது சரியும். சரிய ஆரம்பித்தால் வேகமாகச் சரியும். கேப்னோகிராபியில் அப்படி இல்லை, மூச்சு நின்றால் அடுத்த மூச்சுக்கான அலையே வராது, சில நொடிகளில் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. செல்கள் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்க வேண்டும், ரத்த ஓட்டம் அதை நுரையீரலுக்குக் கொண்டுவர வேண்டும், நுரையீரல் அதை வெளியே தள்ள வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் திரையில் அலை எழும். அதனால்தான் ஒரே கோடு உடலின் எரிப்பு, இதயம், மூச்சு மூன்றையும் பற்றிப் பேசுகிறது. அதனால்தான் அதைத் தவறாகப் படிக்கவும் வாய்ப்பு அதிகம்.

ஸ்டெத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கேட்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். டியூப் ஆழமாகப் போய் வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று போகிறதா என்று பார்க்க அது வேண்டும், கேப்னோகிராபி அதைச் சொல்லாது. ஆனால் டியூப் மூச்சுக்குழாயில் இருக்கிறதா, உணவுக்குழாயில் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஸ்டெத் நம்பகமான சாட்சி இல்லை. வயிற்றுக்குள் போகும் காற்றின் ஓசை நெஞ்சில் கேட்கும், ஒல்லியான ஆளிடமும் குழந்தையிடமும் இன்னும் தெளிவாகக் கேட்கும். நெஞ்சு ஏறி இறங்குவது போலத் தெரியும். டியூபின் உள்ளே ஆவி படிவதைப் பார்த்து நிம்மதி அடைவோம், உணவுக்குழாயில் போன டியூபிலும் ஆவி படியும். இதோடு சைரன், டீசல் இன்ஜின், உறவினர்களின் அழுகை எல்லாம் சேர்ந்தால் என்ன கேட்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். குரல்நாண் வழியாக டியூப் போவதைக் கண்ணால் பார்த்தேன் என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. பார்த்ததாக நம்புவது வேறு, பார்ப்பது வேறு.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஒர்லாண்டோ. 2001இல் அங்கே ஒரு ஆய்வு வெளியானது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் களத்தில் டியூப் போட்டுக் கொண்டுவந்த 108 நோயாளிகளை மருத்துவமனை வாசலிலேயே பரிசோதித்தார்கள். 27 பேரில் டியூப் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. நான்கில் ஒன்று. அதில் 18 உணவுக்குழாயில் இருந்தன, மீதி குரல்நாணுக்கு மேலேயே நின்றுவிட்டவை. அவர்கள் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள், அலட்சியக்காரர்கள் இல்லை. பிறகு 2005இல் அதே பகுதியில் சுற்றுவட்டார மாவட்டங்களைச் சேர்த்து இன்னொரு ஆய்வு வந்தது. மொத்தம் 153 பேர். தொடர்ச்சியாக கேப்னோகிராபி மாட்டியிருந்த 93 பேரில் கண்டுபிடிக்கப்படாமல் தவறான இடத்தில் இருந்த டியூப் ஒன்றுகூட இல்லை. மாட்டாத 60 பேரில் 14. இந்த எண்களைப் பார்த்த பிறகும் ஸ்டெத் போதும் என்று வாதாடுபவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஆய்வில் யாருக்குக் கருவி மாட்டுவது என்று குலுக்கல் போட்டு முடிவு செய்யவில்லை. மாட்டியவர்கள் இயல்பாகவே கவனமான குழுவினராக இருந்திருக்கலாம். ஆகவே 0, 14 என்ற வித்தியாசம் முழுவதும் கருவியால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். டியூபின் இடத்தை உறுதிசெய்ய இதைவிட நல்ல வழி ஆம்புலன்ஸில் இல்லை என்பது மட்டும் உறுதி. அமெரிக்க இதய சங்கம் 2010 வழிகாட்டுதலில் இதை மிக உயர்ந்த நிலைப் பரிந்துரையாக வைத்தது. மயக்க மருத்துவத்தில் நெதர்லாந்து 1978இலேயே இதைக் கட்டாயத் தரமாக ஏற்றுவிட்டது. தியேட்டரிலிருந்து தெருவுக்கு வர இத்தனை வருடம் ஆனதற்கு முக்கியக் காரணம் கருவியின் பருமனும் விலையும்.

சரி, கருவி வந்துவிட்டது. அப்புறமும் ஏன் தவறு நடக்கிறது? வகுப்புகளில் நான் பார்த்த வரைக்கும், 35–45 என்ற எண் எல்லோருக்கும் தெரியும். அலையின் வடிவத்தைப் படிக்கச் சொன்னால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். அலையே வராமல் கோடு தட்டையாகப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் வருகிற பதில்தான் கவலை தரும். "கேபிள் லூஸாக இருக்கும், வாட்டர் டிராப்பில் தண்ணீர் இருக்கும், மெஷின் பழசு." கருவியின் மேல் சந்தேகம் வருகிறது, டியூபின் மேல் வருவதில்லை. டியூப் போட்டது தன் கை, கருவி யாரோ வாங்கியது. இது மனித சுபாவம், பாராமெடிக்குகளை மட்டும் குறை சொல்ல முடியாது. பிரிட்டனில் மூச்சுவழிச் சிக்கல்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட நாலாவது தேசியத் தணிக்கை அறிக்கையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தச் சிக்கல்களால் நேர்ந்த இறப்புகளில் 70 சதவீதத்துக்கும் மேல் கேப்னோகிராபி இல்லாததோ, அதைச் சரியாகப் பயன்படுத்தாததோ பங்கு வகித்திருக்கலாம் என்று எழுதினார்கள். அது மருத்துவமனைக்குள், மருத்துவர்கள் கையில் நடந்தது. அதிலிருந்து வந்ததுதான் "அலை இல்லையென்றால் இடம் தவறு" என்ற பிரசாரம். நேர்காணலில் ஒரே வாக்கியம் சொல்ல வாய்ப்பு கிடைத்தால் இதையே சொல்லுங்கள்.

தட்டைக் கோட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சாக்கு, "இதயமே நின்றுவிட்டது, கார்பன் டை ஆக்சைடு எப்படி வரும்?" கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் தவறு. நெஞ்சை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர். நன்றாக நடந்தால் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்கோ அதற்குச் சற்று அதிகமோ ஓடும். அந்த ஓட்டத்துக்குச் சிறியதாக, ஆனால் தெளிவாகத் தெரியும் அலை வரும். ஆகவே சி.பி.ஆர். நடக்கும்போது கோடு முழுக்கத் தட்டையாக இருந்தால், டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு செயல்படுவதுதான் முறை. டியூப் சரியான இடத்தில் இருந்தும் அலை வராத நிலைகள் உண்டு: டியூப் மடங்கிப்போவது, சளியால் முழுக்க அடைபடுவது, மிகக் கடுமையான மூச்சுக்குழல் சுருக்கம், மூச்சுக் காற்றைக் கருவிக்கு எடுத்துப்போகும் மாதிரிக் குழாய் கழன்றிருப்பது. இவை அபூர்வம். இவற்றைத் தேடிக்கொண்டு நிமிடங்களைக் கடத்துவதைவிட, உடனே தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பில் மறுபடி பார்ப்பது, சந்தேகம் தீராவிட்டால் டியூபை எடுத்துவிட்டு மாஸ்க் வைத்து, கையால் அழுத்தும் ஆம்பு பேக்கில் மூச்சுக் கொடுப்பது பாதுகாப்பானது.

இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு. நோயாளி கொஞ்சம் முன்னால் சோடா குடித்திருந்தாலோ, வயிற்றுக்குள் ஆம்பு பேக் காற்று நிறைந்திருந்தாலோ, உணவுக்குழாயில் இருக்கும் டியூபிலிருந்தும் முதல் சில மூச்சுகளுக்கு அலை வரும். ஒவ்வொன்றாகக் குட்டையாகிக்கொண்டே போய் மறைந்துவிடும். முதல் அலையைப் பார்த்ததும் "சரி, உள்ளே இருக்கு" என்று திரும்பிவிடுபவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார். 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இதற்குத் தெளிவான அளவு வைத்தது: குறைந்தது 7 மூச்சுகளுக்கு, ஏறி இறங்கும் அலை, உச்சம் அடிக்கோட்டைவிடக் குறைந்தது 7.5 மில்லிமீட்டர் பாதரசம் உயரத்தில் இருக்கவேண்டும். பிரிட்டனில் கிலோபாஸ்கலில் பேசுவார்கள், அங்கே இது 1. 35–45 என்பது அவர்கள் திரையில் சுமார் 4.7 முதல் 6 வரை. அங்கே வேலைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் முதல் நாள் 5 என்ற எண்ணைப் பார்த்துப் பதறிவிடுவார்.

இதய நிறுத்தத்தில் இதற்கு இன்னும் இரண்டு வேலைகள். சி.பி.ஆர். செய்பவர் களைத்துவிட்டால் எண் மெல்ல இறங்கும், ஆளை மாற்றினால் ஏறும். அடுத்தது, இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கினால் 12, 15 என்று நகர்ந்துகொண்டிருந்த எண் திடீரென்று 35, 40க்குத் தாவும். பல்ஸ் பார்க்க அழுத்தத்தை நிறுத்தும் முன்பே இதில் தெரிந்துவிடும். சோடியம் பைகார்பனேட் போட்டாலும் சற்று நேரம் ஏறும், ஏமாந்துவிடாதீர்கள். எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். 1997இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற, இ.சி.ஜி.யில் மின் அலை இருந்தும் நாடி இல்லாத 150 பேரைக் கவனித்தார்கள். 20 நிமிட சிகிச்சைக்குப் பிறகும் இந்த எண் 10 அல்லது அதற்குக் கீழே இருந்த எவரும் மருத்துவமனையில் சேரும் வரை பிழைக்கவில்லை. வலுவான கண்டுபிடிப்புதான். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன், அமெரிக்க இதய சங்கத்தின் 2015 வழிகாட்டுதலும் தனியாகப் பயன்படுத்தக்கூடாது, டியூப் போடாத நோயாளியிடம் பயன்படுத்தவே கூடாது என்றுதான் சொல்கிறது. ஆம்பு பேக்கை வேகமாக அழுத்தினாலே எண் கீழே போகும். அப்படி நீங்களே இறக்கிவிட்ட எண்ணைக் காட்டி சிகிச்சையை நிறுத்துவது எவ்வளவு பெரிய விபரீதம்!

அந்த வேகமான அழுத்தம் கற்பனை இல்லை. பதற்றத்தில் எல்லோரும் செய்வது. அமெரிக்காவின் மில்வாக்கியில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்களே இதய நிறுத்தத்தின்போது நிமிடத்துக்குச் சராசரியாக 30 மூச்சு கொடுத்தது பதிவானது. டியூப் போட்ட பிறகு இன்றைய அளவு நிமிடத்துக்கு 10. அதிக மூச்சு நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுக்கிறது. தலையில் அடிபட்டவரிடம் பாதிப்பு வேறு விதம். கார்பன் டை ஆக்சைடு அதிகமாகக் குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ஏற்கெனவே தவிக்கும் மூளைக்கு ரத்தம் இன்னும் குறையும். சான் டியாகோவில் கடுமையான தலைக்காயம் உள்ளவர்களுக்குப் பாராமெடிக்குகள் மருந்து கொடுத்து டியூப் போடும் திட்டத்தைச் சோதித்தபோது இறப்பு குறையவில்லை, ஒப்பிட்ட குழுவைவிடக் கூடியது. காரணம் தேடியபோது முன்னால் வந்தவற்றில் ஒன்று இந்த அதிவேக மூச்சு. எண்ணைப் பார்த்தபடி மூச்சுக் கொடுத்தவர்களிடம் கடுமையான அதிவேக மூச்சு குறைவாக இருந்தது. தலைக்காயத்தில் 35–40க்குள் வைத்திருங்கள். மூளை பிதுங்கும் அறிகுறிகள் தெரிந்தால் மட்டும் தற்காலிகமாக 30–35.

டியூப் இல்லாத நோயாளிக்கும் மூக்கில் மாட்டும் குழாய் மூலம் இதைப் பார்க்கலாம், நம் ஊர் வண்டிகளுக்கு இதுதான் அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். இங்கே எண்ணைவிட வடிவம் முக்கியம். வழக்கமான அலை செங்குத்தாக ஏறி, மேலே கிட்டத்தட்ட சமமாகப் போய், செங்குத்தாக இறங்கும். ஆஸ்துமாவில் காற்று வெளியேறத் திணறுவதால் ஏறும் பக்கம் சாய்ந்து சுறாவின் துடுப்பு போல ஆகிவிடும். நெபுலைசர் கொடுத்த பிறகு அது நிமிர்ந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். எண் இங்கே ஏமாற்றும். ஆஸ்துமா தாக்கிய தொடக்கத்தில் நோயாளி வேகமாக மூச்சு வாங்குவதால் 28, 30 என்று குறைவாக இருக்கும். களைக்கக் களைக்க ஏறி 40 வரும். பார்ப்பவருக்கு நார்மல். உண்மையில் அவர் சோர்ந்துபோய்க்கொண்டிருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரத்தில் 60க்குப் போவார். அலை சாய்ந்திருக்கும்போது 40 நல்ல செய்தி இல்லை. மயக்கம் தரும் மருந்தோ போதை மருந்தோ அதிகமானவரிடம் மூச்சு மெதுவாகி எண் ஏறும். ஆனால் மூச்சு மிகவும் மேலோட்டமாக இருந்தால் குரல்வளைப் பகுதியிலேயே நின்ற காற்றுதான் வெளியே வரும், எண் குறைவாகக் காட்டும். வாயால் மூச்சுவிடுபவரிடமும், அதிக ஆக்சிஜன் ஓடும்போதும் மாதிரி நீர்த்துவிடும். அதனால் மூக்குக் குழாயில் வரும் எண்ணை ஒரு போக்காக மட்டும் பாருங்கள்.

இன்னும் ஒரு வரம்பு உண்டு, இதைத் தெரியாமல் கெட்டிக்காரர்களும் தவறு செய்கிறார்கள். திரையில் வரும் எண் ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அல்ல. ஆரோக்கியமானவரிடம் ரத்தத்தில் 2 முதல் 5 வரை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ரத்த ஓட்டம் சரிந்து ஷாக் நிலையில் இருப்பவரிடமும், நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்த உறைவு அடைத்தவரிடமும் அந்த இடைவெளி விரியும். ரத்தம் கொட்டும் விபத்து நோயாளியிடம் திரையில் 30 பார்த்து மூச்சைக் குறைத்தால், ரத்தத்தில் ஏற்கெனவே 50 இருந்திருக்கலாம். அங்கே அந்த 30 மூச்சைப் பற்றிப் பேசவில்லை, ரத்த ஓட்டம் குறைந்துவிட்டதைச் சொல்கிறது. 25க்குக் கீழே போவதை வைத்துக் கடுமையான ரத்தத் தொற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க அமெரிக்காவில் சில ஆம்புலன்ஸ் சேவைகள் முயன்றிருக்கின்றன. நல்ல யோசனை, ஆனால் பயந்து வேகமாக மூச்சு விடுபவரும் அதே எண்ணைக் காட்டுவார். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தத்தோடு சேர்த்துப் பார்த்தால் உதவும், தனியாக நம்பக்கூடாது. கட்டுக்கடங்காத சர்க்கரையால் ரத்தம் அமிலமாகும் நிலையிலும் இதே கதைதான், சர்க்கரை அளவு அதிகமாகவும் இந்த எண் மிகக் குறைவாகவும் இருந்தால் சந்தேகப்படலாம்.

கடைசியாக, நேர்காணலில் கேட்கமாட்டார்கள், வேலையில் கேட்பார்கள் என்பவை. சென்சாரை டியூப் போட்ட பிறகு தேடாதீர்கள். முதலிலேயே மாஸ்குக்கும் ஆம்பு பேக்குக்கும் நடுவில் மாட்டிவிடுங்கள். மாஸ்கிலும் அலை வரும், வராவிட்டால் காற்று பக்கவாட்டில் கசிகிறது அல்லது மூச்சுவழி அடைபட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 108 வண்டிகளில் டியூபைவிட மாஸ்கும் ஆம்பு பேக்கும்தான் அதிகம் பயன்படும், அதனால் இந்தப் பழக்கம் இங்கேயும் வீண்போகாது. குரல்வளைக்கு மேலே வைக்கும் ஐ-ஜெல் போன்ற சாதனங்களுக்கும் இது பொருந்தும். மானிட்டர் இல்லாத இடத்தில் ஊதாவிலிருந்து மஞ்சளாக நிறம் மாறும் சிறிய சாதனம் இருந்தால் ஒன்றுமே இல்லாததற்கு மேல், ஆனால் வாந்தி பட்டால் கெட்டுவிடும், இதய நிறுத்தத்தில் மாறாமலேயே இருக்கலாம், வடிவம் எதையும் காட்டாது. மாதிரிக் குழாயில் ஈரம் சேர்ந்து அடைபடும், ஒரு உபரி எப்போதும் பையில் இருக்கட்டும். டியூப் நகர்வது பெரும்பாலும் போடும்போது இல்லை, தூக்கும்போதுதான்: தரையிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு, ஸ்ட்ரெச்சரிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கேசுவால்டி கட்டிலுக்கு. ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் அலையைப் பாருங்கள். கடைசிக் கட்டிலுக்கு மாற்றிய உடனே, அங்கே இருக்கும் மருத்துவரும் பார்க்கும்படி திரையைத் திருப்பி, அந்த அலையை அச்செடுத்து நேரத்தோடு கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுங்கள்.